டிரம் இல்லாத அறை

ஒஸ்லோ,
கார்த்திகை 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம்.

எங்கள் ரொக் இசைக்குழுவின் பாட்டுகளை வெளியிடப் பெரிய கம்பனி ஒன்று சம்மதித்துவிட்டது. டிரம் அடிக்க மட்டும் அவர்களுடைய ஆள் வருவாராம். எங்கள் பாடகன் கிருஷிகன் வந்து, "கோவிக்காதை மச்சான், நீ இல்லாட்டித்தான் எங்களை எடுப்பாங்களாம்" என்றான். பிறகு தயங்கி, "உன்ர டிரம்மைத் தருவியோ?" என்று கேட்டான். நானே தூக்கி அவனுடைய காரில் ஏற்றிவிட்டேன். அறை இப்போது நல்ல விசாலம்.

சத்தம் என்று எப்போதும் சண்டைக்கு வரும் கீழ்வீட்டுக்காரர், நேற்று கதவைத் தட்டி, சுகமில்லையா என்று விசாரித்தார்.

மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். அங்கே வீட்டுச் சுவரில் நீங்கள் ஒட்டிய எங்கள் குழுவின் படத்தைக் கழற்ற வேண்டாம். புதுப் படத்தில் நான் இருக்க மாட்டேன்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகன்,
துவாரகன்