மெத்தென்ற பிஸ்கட்டும் சாவடிக் கம்பியும்

லாத்தா, உங்கள் தம்பி எழுதுகிறேன். உங்கள் மகள் தின்ற மெத்தென்ற பிஸ்கட் ஒவ்வொன்றிலும் மீன்கூடை அழுக்கு இருந்தது. அதைக் கலந்தவன் எல்லைச் சாவடிக் காவலன்.

இன்று காலை மணல் பானையின் மூடியைத் தணலோடு தூக்கியபோது நெய்யும் ஏலமும் மணத்தன. கூடவே உங்கள் பதற்றமும் வந்து அடுப்பருகே நின்றது. "ஓரம் செவந்தா போதும்டா. நடுவுல வேகாத மாதிரி இருக்கும்போதே எடுத்துடு." எடுத்தேன். வாழை இலையில் பொதிந்து ஈரத்துணி சுற்றினேன். நீங்கள் காய்ச்சலில் இறந்துபோன பிறகு நான் தனியாகச் சுட்டது இதுதான் முதல் தடவை.

தொடக்கத்தில் நீங்களும் மொறுமொறுப்பாகத்தான் சுட்டீர்கள். நம் ஊர் பிரெஞ்சுக்காரனுடையது; சபுரா கிடக்கும் நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம். தங்கம் கடத்துகிறோமாம். காவலன் ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் இடுப்புவரை மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்த சபுரா அந்த நொறுங்கலை அள்ளித் தின்றாள். "உம்மா, தூளு கட்டுக்குள்ள போயி அரிக்குது" என்று அழுதாள். விரல் நுழையாத இடம்.

அப்புறம்தான் ஈரம் காயாமல், மெத்தென்று சுடக் கற்றீர்கள். அது உடையவில்லை. காவலன் கம்பியை எடுத்தான். கூடைகளையும் மூட்டைகளையும் குத்துகிற அதே கம்பி.

"ஏன் உம்மா எல்லாத்துலயும் ஓட்டை?" என்று ஆஸ்பத்திரியில் சபுரா கேட்டாள்.

"வெந்துச்சான்னு குத்திப் பாத்தேம்மா."

அடுத்த தடவை சாவடியில் நான் கொதித்தேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். "வாயத் தொறக்காதடா. நிறுத்தி வச்சுடுவான். மணி அடிச்சுட்டா ஆஸ்பத்திரிக்குள்ள விடமாட்டாங்க. புள்ள வாசலயே பாத்துக்கிட்டுக் கெடக்கும்." மோட்டாரில் போன முதலாளிகளுக்கு அவன் சலாம் வைத்ததைப் பார்த்துக்கொண்டேதான் நாம் வெயிலில் நின்றோம்.

இன்றும் அதே வரிசை. எனக்கு முன்னால் கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மா. அவர் கூடைக்குள் போய் வந்த கம்பி, செதில் ஒட்டியபடி என் பொதியை நோக்கி வந்தது.

"உள்ள வைரம் கிய்ரம் இருக்கா பாய்?"

"வைரம் இருந்தா நாங்க ஏன்யா இங்க காயிறோம்? மோட்டாருல சலாம் வாங்கிக்கிட்டுப் போவமாட்டோமா?" என்றார் மீன்காரம்மா.

வரிசை சிரித்தது. என்னால் முடியவில்லை. உம்மா இனி வரமாட்டார் என்று சபுராவிடம் சொல்லியாகிவிட்டது. மாமா நான் வருவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பொதியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"கம்பியக் கழுவிட்டுக் குத்துங்க."

அவன் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைக் குத்தினான்.

அந்த ஓரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், லாத்தா. உங்கள் கைப்பக்குவம் எனக்கு எவ்வளவு வந்ததோ தெரியாது. பயம் முழுதாக வந்துவிட்டது. மணி அடித்துவிடுமோ, துணி காய்ந்துவிடுமோ என்று அடிக்கொரு தரம் இலையைத் தொட்டுப் பார்க்கிறேன். சபுரா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் அந்தக் கம்பியை இந்தப் பொதிக்குள் விட மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு ஆள் கடக்கும்போதும் எழுந்து போய்ச் சொல்கிறேன்.

"கழுவுங்க."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.