வெறுமையாய்ப் போய்ச் சேர்ந்த பதினொரு தாள்கள்

1944 பிப்ரவரி 20, ஞாயிறு, பகல் இரண்டேகால் மணி. உனக்கு வந்த வெற்றுத் தாள்கள் மொத்தம் பதினொன்று.

அன்புள்ள ஹெல்மர் கண்ணா, நான் சுகம், பசுக்களும் சுகம், அந்தத் தீவில் நீயும் உடம்பில் கீறல் இல்லாமல் இருக்கவேண்டும். இப்படித்தான் ஆரம்பிக்கவேண்டும் என்கிறாள் அம்மா. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஸ்வீடிஷில் சொல்லச் சொல்ல, உன் தம்பி வெர்னராகிய நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதால் முதலில் என் பங்கு.

அண்ணா, நீ ஒரு முட்டாள். ரயிலடியில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மாதாமாதம் வெற்றுத் தாள் அனுப்பிக் கோபத்தைக் காட்டுகிறாள், ஆகவே போர் முடிந்தாலும் மினசோட்டா பக்கம் வரமாட்டேன், கலிஃபோர்னியாவில் தங்கிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். படைக்கு வரும் கடிதங்களைப் படம் பிடித்துச் சுருக்கி அனுப்புகிறார்கள். மேலே முகவரியை நான் கறுப்பு மையில் எழுதினேன், அது படத்தில் விழுந்தது. கீழே அம்மா எழுதியது என் வரைபடப் பெட்டியிலிருந்து எடுத்த கெட்டிப் பென்சிலால். சீவ வேண்டாம், தேயாது என்று அதன்மேல் அவளுக்கு உயிர், பிறந்த சீமையான ஸ்மோலந்தின் சிக்கனம், இங்கே வந்து முப்பது வருஷமாகியும் போகவில்லை. அந்தச் சாம்பல் கோடு படத்தில் விழாது. இவ்வளவுதான் விஷயம். அவளிடம் விளக்கினேன், காமிரா புரியவில்லை, அப்ப நான் சொன்ன எதுவுமே அவன் காதுல விழலையா என்றுதான் கேட்டாள்.

எழுதினதையெல்லாம் இப்போது நினைத்து நினைத்துச் சொல்கிறாள், ஒழுங்கு கிடையாது. ஏரி உறைந்த முதல் ராத்திரி பனிக்கட்டி பாடிக்கொண்டே இருந்ததாம், தூக்கத்தில் அது கப்பலாகிப் பார்லி அறுத்த வயலின் மேல் சத்தமில்லாமல் ஊர்ந்து நம் கொட்டகை வரை வந்ததாம், மேல்தட்டில் நீ ஏழு வயசுப் பையனாய்க் காலுறை இல்லாமல் நின்றாயாம். என்றைக்கு என்று கேட்டேன், கனவுக்கு ஏதுடா தேதி, எழுதுறியா இல்லியா என்கிறாள். டிசம்பரில் லூசியா பண்டிகை விடியலில் பக்கத்துப் பண்ணை எல்வீரா தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோடு குங்குமப்பூ ரொட்டி கொண்டுவந்தபோது அம்மா உனக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றி வைத்தாளாம், ஆவி ஜன்னலில் படிந்து பூப்பூவாய் உறைந்ததாம், ஆறினதும் வீணாக்கக்கூடாதென்று அவளே குடித்துவிட்டாளாம். நல்ல தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்துக் குடி என்று எல்லாத் தாளிலும் எழுதினாளாம்.

ரயிலடி விஷயம் முதல் தாளிலேயே இருந்ததாம். பதினெட்டு வயதில் அவள் ஸ்வீடனில் யோத்தபோரி என்ற ஊரில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அவள் அப்பா துறைமுகத்தில் நின்று, கப்பல் புள்ளியாகிக் கரையும்வரை பார்த்தாராம். அவளும் பார்த்தாளாம். அதோடு சரி, அவரை மறுபடி பார்க்கவில்லை. இங்கே நிறுத்திவிட்டாள். சரி, அப்புறம் என்று அவசரப்படுத்தினேன்.

“கண்ணுக்கு மறையற வரைக்கும் பார்த்தா திரும்பக் கிடைக்கமாட்டாங்கடா. அதான் முதுகு காட்டினேன். ரயில் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு நின்னேன்.”

இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

கடவுளின் கை உன் தலைமேல் இருக்கட்டும், பாதத்தை ஈரமில்லாமல் வைத்துக்கொள், என்றைக்கு வருவாய் என்று ஒரு வரியாவது போடு.

உன்னைப் பெற்றவள்,
ஹுல்டா
(கையெழுத்து அவளே, கறுப்பு மையில்)

நான் இனிச் செய்யப்போவது:

1. கெட்டிப் பென்சிலை மின்நிலையத்தில் என் மேசைக்குள் வைத்துப் பூட்டுவேன்.
2. இதன் இன்னொரு பிரதியைப் படம் பிடிக்காத சாதாரணத் தபாலில் அனுப்புவேன். எது முதலில் வந்தாலும் பதில் போடு.
3. பதினொன்றையும் அம்மாவைத் திரும்பச் சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் எழுதுவேன்.
4. உன் பதில் வரும்வரை அந்தக் கலிஃபோர்னியா வரியை அவளுக்கு வாசிக்கமாட்டேன். நேற்று அதை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன். கேட்டு முடித்ததும் உன் கடிதத்தை எல்லாக் கடிதத்தையும்போல வெதுவெதுப்பாய் இஸ்திரி போட்டு, ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டியில் பத்திரமாய் வைத்துவிட்டாள்.