எர்த் குழிக்குத் தினம் ஒரு குடம்

ஓசூர், 12.4.2008

அன்புள்ள தமிழ்செல்விக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா?

நேற்று ஒரு வீட்டில் சோலார் ஹீட்டர் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியைத் தோண்டினால், உள்ளே இருக்க வேண்டிய பைப்பும் இல்லை, கரியும் உப்பும் இல்லை. வெறும் ஒயரை மண்ணில் புதைத்து மூடியிருக்கிறான் பாவி.

"வயரிங் பண்ணவர் சொன்னாருன்னு ஒரு வருசமா தினம் ஒரு குடம் தண்ணி ஊத்தறனே தம்பி," என்றார் வீட்டுக்கார வஜிஹா அக்கா.

அந்த வேலையைச் செய்த எங்கள் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "மூடிட்டு ரெண்டு குடமா ஊத்தச் சொல்லுப்பா," என்கிறான். சீ! காறித் துப்பலாம் போல இருந்தது.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது, யாரிடமாவது கொடுத்தனுப்பு. கம்பெனி பஸ் வந்துவிட்டது.

நம் வீட்டுக் குழிக்கும் நான் சொல்லித்தான் தினம் தண்ணீர் ஊற்றுகிறாய். அதைப் போட்டபோது நான் இங்கே இருந்தேன். உள்ளே பார்த்ததே இல்லை. நான் வரும்வரை மோட்டாரைத் தொடாதே.

வெள்ளைச்சாமி