சந்தையில் எடுத்த ரத்தம்

பிப்ரவரி 9
உண்ணிக் காய்ச்சல் ஆய்வுக்கான பணத்தை ஆனந்த் சார் பாதியாக வெட்டிவிட்டார். ஆய்வில் எந்த ஊரில் காய்ச்சல் தெரிகிறதோ அங்கே ஒரு நர்ஸும் மாத்திரையும் போகும். பஸ் போகும் ஊர்களில் சிக்கல் இல்லை. பள்ளத்துக் குடிக்குத்தான் ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும், ஆளுக்குப் படி, தங்கும் செலவு எல்லாம் உண்டு. அவர்களே ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்கு வருகிறார்களே, அங்கேயே ரத்தம் எடுத்தால் என்ன என்றேன். "மூளைம்மா உனக்கு" என்றார் சார். நாள் முழுக்க உச்சி குளிர்ந்து கிடந்தது.

பிப்ரவரி 11
ரத்தம் எடுக்கும் நதியாவுக்குப் பள்ளத்துக் குடிதான் சொந்த ஊர். "சொம தூக்கி ஏறி வர்றவங்க நல்லாருக்கவங்கதான மேடம். காச்சக்காரவங்க ஊர்லயே கெடக்காங்க. எங்க மதினியும் கெடக்கு."
எனக்குத் தெரியாதா? முதல் வருடமே படித்த பாடம். "ரத்தம் எடுக்கிறது உன் சோலி. யார்கிட்டன்னு சொல்றது என் சோலி" என்றேன். முகம் சுண்டிப்போய்விட்டது. போகட்டும்.

பிப்ரவரி 15
சந்தை. வாழைத்தார்களுக்கு நடுவே மேசை போட்டோம். "மாத்திர குடுப்பீங்களா தாயி?" என்று கேட்டார் ஒருவர். பள்ளத்துக் குடிக்காரர். முடிவு வரட்டும் என்றேன்.

மார்ச் 3
பள்ளத்துக் குடிக்காரர் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. நர்ஸ் பட்டியலிலிருந்து ஊரை எடுத்தாயிற்று.
'நோயாளிகளை நாங்கள் பார்க்கவில்லை' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். பிறகு அழித்தேன். அது இருந்தால் மறுபடி ஆய்வு செய் என்பார்கள். சார் என்னைத் தின்றுவிடுவார். என் மூளையை அப்புறம் யார் மெச்சுவது?

மார்ச் 9
நதியா வேலைக்கு வரவில்லை.

மார்ச் 10
அவள் மதினியை டோலியில் தூக்கி வந்திருக்கிறார்கள். ரோடு வருவதற்குள் உயிர் போய்விட்டது. அக்குளில் உண்ணி கடித்த கறுப்புப் பொருக்கு இருந்ததாம். சாதாரண மாத்திரைக்குக் கேட்கிற காய்ச்சல் — சீ, எதுக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்? யார் போகச் சொன்னா?
நதியா அழவில்லை. "சந்தைக்கிட்டக்கவே கொண்டாந்துட்டோம் மேடம். இப்ப எடுத்துக்கங்க. ஒங்களுக்குச் செலவில்ல."

மார்ச் 17
மதுரையில் கூட்டம். சந்தையில் ரத்தம் எடுக்கும் முறையை எல்லா மலை ஊர்களுக்கும் வைக்கப்போகிறார்கள். "ஊருக்குள்ள போகாததுல எதுவும் விட்டுப்போகலையே?" என்று ஒருவர் கேட்டார். சார் என்னைப் பார்த்தார்.
"இல்லீங்க" என்றேன்.