சூடம் அணைத்த கை

ஏப்ரல் 2
கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துவிட்டார்கள். சோலைராஜ் அண்ணன் வரவில்லை. எம்எல்ஏவுக்கு நிற்கிறார், ராஜபாளையத்தில் பிரச்சாரமாம். மாலை மட்டும் வந்தது, கட்சி ரிப்பன் கட்டி.

அவர் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றபோது சுவரெல்லாம் எழுதினது என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி. ஒன்றியத் தலைவரானபோதும் அவர்தான். எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர் அண்ணன். "தங்கச்சி, நான் எம்எல்ஏ ஆனா முத்துப்பாண்டிதான் எனக்கு எல்லாம்" என்பார். அவருக்கு பேனர் கட்டக் கம்பத்தில் ஏறித்தான் கரண்ட் அடித்து – எழுத முடியவில்லை.

ஏப்ரல் 9
கொழுந்தன் ஐயாதுரை ஸ்டேஷனுக்குப் போய் வந்தான். சோலைராஜ் அண்ணனுடைய ஆட்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். முத்துப்பாண்டி குடித்துவிட்டுத் தானாகவே ஏறினான், யாரும் சொல்லவில்லை என்று.

குடிக்கிற மனுஷனா அவிய? பொங்கலுக்குக்கூடத் தொட்டது கிடையாது. மகள் ஜெயசித்ரா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "உங்கப்பா குடிச்சுத்தான செத்தாரு" என்று ஒருத்தி கேட்டாளாம்.

அண்ணனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தால் விடுவாரா?

ஏப்ரல் 11
தெரியும். நேரிலேயே கேட்டேன். "நான் அனுப்புனேன்னு சொன்னா எம்மேல கேஸாயிரும் தங்கச்சி. எலெக்சன் முடியட்டும். நானே மாத்தி எழுத வைக்கேன்."

சரி என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 23
ஓட்டுப் போட்டேன். அவருக்குத்தான்.

மே 6
ஜெயித்துவிட்டார். தெருவெல்லாம் வெடி. போன இரண்டு தடவையும் நான்தான் முதல் ஆரத்தி எடுத்தேன். இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 3
எம்எல்ஏ ஆபீஸ் வாசலில் இன்றும் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சென்னையில் இருக்கிறாராம். எதிரே செருப்புக் கடை ரஃபீக் தண்ணீர் கொடுத்தார். "அக்கா, அவரு கார் பின்பக்கமாப் போயி செத்த நேரமாச்சு. நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயி வக்கீலப் பாருங்க" என்றார்.

ஜூன் 15
கேஸ் போட்டாயிற்று. குடிகாரன் என்ற பேரை எடுக்கணும். அது போதும்.

ஜூலை 10
இன்று அவரே வந்தார். நாற்காலி போட்டேன். வாபஸ் வாங்கு என்றார். அண்ணன் என்று கூப்பிட வாய் வரவில்லை.

"கருப்பசாமி முன்னால சூடம் அணைச்சுச் சொல்லுங்க, நீங்க சொல்லி அவிய ஏறலைன்னு. வாபஸ் வாங்கிருதேன்" என்றேன்.

எங்கள் ஊரில் சூடத்தின் மேல் பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு சரி என்றார். வரமாட்டார் என்று நினைத்தேன்.

ஜூலை 17
வந்தார். ஊரே கூடியிருந்தது. பூசாரி தட்டில் சூடம் கொளுத்தினார். "முத்துப்பாண்டிகிட்ட நான் கம்பத்துல ஏறுன்னு சொல்லல" என்று சொல்லி ஒரே அடியாக அணைத்தார். திருநீறு பூசிக்கொண்டு காரில் ஏறினார்.

அப்போ அவிய தானாத்தான் ஏறினாகளா?

சாயங்காலம் ஐயாதுரை வந்து வாசலிலேயே நின்றான்.

"மைனி, அவரு சொன்னது பொய்யில்ல. அவரு எனக்குத்தான் போன் போட்டாரு, ஒங்கண்ணன ஏறச் சொல்லுன்னு. நான்தான் சொன்னேன்."

"இத அங்க சொல்ல ஒனக்கு வாயில்லையாலே?"

"ஆபீஸ்ல டிரைவர் வேல தந்திருக்காரு மைனி. இந்த மாசம் ஒண்ணாந்தேதியில இருந்து."

கூடப் பிறந்தவன். கம்பத்துக்குக் கீழே கயிறு பிடித்து நின்றவன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. குடித்தாரா இல்லையா என்று சத்தியம் கேட்க மறந்துவிட்டேனே. ஏறச் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்ன பொம்பள நான்.

ஜூலை 19
ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். "சாமி முன்னால வாக்குக் குடுத்துட்ட தாயி. வாபஸ் வாங்கிரு. ஊருக்கு ஆகாது." தலையை ஆட்டினேன்.

ஜூலை 20
ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நேற்றே போனில் சொல்லியிருந்ததால் வாபஸ் பேப்பரை வக்கீல் தயாராக வைத்திருந்தார். கையெழுத்துப் போடவில்லை. கேஸ் நடக்கட்டும் என்றேன்.

"சாமிக்கு வாக்குக் குடுத்தேன்னீங்களேம்மா?"

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன் சார்."

சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார். ஐயாதுரை, வயசு முப்பத்தொண்ணு, எம்எல்ஏ ஆபீஸில் டிரைவர் என்று எழுதச் சொன்னேன்.