ஒரே இழுப்பு

செவ்வாய்.

மாலை 4.20க்கு மாமியார் போன் செய்தார். மச்சான் செல்வத்துக்குக் கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். இந்த சீசன் முழுக்க அவனால் வலை போட முடியாது.

காலையில் ஏரிச் சேற்றில் அவன் படகு சிக்கிக்கொண்டது.

"இன்னா மாமா அவசரம்? ரெண்டு பக்கமும் ஆட்டினே இருந்தா சேறு தானா வுட்ரும், அப்பால இழுக்கலாம்" என்றான்.

மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன் கேட்பேனா? "போதுமான விசை குடுத்தா எதுவும் நகரும்டா" என்றேன். கயிறு கட்டி டிராக்டரை நானே ஓட்டினேன். படகைச் சேறு விடவில்லை. நான் கொடுத்த விசை முழுக்கக் கயிற்றில்தான் ஏறியது. அறுந்த வேகத்தில் அது அவன் கையில் அடித்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

என் மனைவி ரேவதி இறந்த இந்த நாலு மாதத்தில் அவள் வீட்டுக்கு நான் செய்த ஒரே உதவி இது.

மாமியார் திட்டவில்லை. "கவுறு அறுந்தா நீ இன்னா பண்ணுவ? சாப்ட்டியா மாப்ள?" என்றுதான் கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

எட்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. ஒன்பதுக்கும் கூப்பிட்டார். போனை அணைத்துவிட்டேன்.