கோட்டுப் பையில் இருந்த பேட்ஜ்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ கார் எஞ்சின் படிப்பதாகத்தான் அப்பா இன்னமும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். மெக்கானிக்கல் என்றால் வேறென்ன என்கிறார். அதற்குள்ளேயே அணு உலைக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலை வழக்கம்போல. வெந்த விரிப்புகளை வெளியே எடுக்கும்போது ஆவி நிறைந்து எதிரில் நிற்பவள் முகம்கூடத் தெரியாது. அப்போதெல்லாம் நீ சொன்ன நீல வெளிச்சம்தான் என் கண்ணில். ஆழத் தண்ணீருக்கு அடியில், சத்தமே இல்லாமல், உலை நீலமாக ஒளிரும் என்றாயே. மடித்தபடியே நான் அந்தத் தண்ணீரின் விளிம்புவரை போய் நின்றுவிட்டு வருவேன். "எங்க போயிட்டு வர்ற நீ?" என்று பக்கத்து மேசைக்காரி இடுப்பில் இடிப்பாள்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ விடுமுறைக்கு வந்தபோது உன் லேப் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் அந்தச் சின்ன பேட்ஜ். உடம்பில் படும் கதிர்வீச்சை அளப்பது, கழற்றி லேபிலேயே வைத்துவிட்டு வர மறந்துவிட்டேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாய். என் பிள்ளைமேல் எவ்வளவு பட்டிருக்கிறதோ என்று, மறுநாள் உனக்குத் தெரியாமல் அதை எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். அவனுக்குத் தெரியாத கதிரா என்ற நினைப்பு. ஒரே கூட்டம். "அங்க வச்சிட்டுப் போங்கக்கா, அப்புறம் பாக்கறேன்" என்றான். எக்ஸ்ரே மேசைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். பகல் முழுக்க அங்கேயே கிடந்தது. சாயங்காலம் அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, "இதையாக்கா வச்சிங்க? இங்க எடுத்த எக்ஸ்ரே எல்லாம் இதுலயும் பதிஞ்சிருக்குமே" என்றான். வாயை மூடிக்கொண்டு திரும்ப உன் பையில் போட்டுவிட்டேன்.

பிறகு உன் கடிதம். அளவு எக்கச்சக்கமாகக் காட்டுகிறது, விசாரணை முடியும்வரை உலை அறைக்குள் விடமாட்டார்கள், வேறு பிரிவுக்கு மாறச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நாலு நாள் வீட்டில்தானே இருந்தது, எங்கே தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை அம்மா என்றும். படித்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. பம்போ எஞ்சினோ எதையாவது படித்துப் பத்திரமாக இருப்பாளே என்று. எல்லாம் நன்மைக்கே என்று பதில் எழுதினேன் பார், அந்தக் கையை ஒடிக்க வேண்டும். பதினெட்டு நாள் கல்லாட்டம் இருந்துவிட்டேன்.

நேற்று ஆவிக்குள் நின்றபோது அந்த நீலம் வரவில்லை. எவ்வளவு நினைத்தும் வரவில்லை. நீ ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து, நோட்டைத் திருப்பித் திருப்பி உன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாய். அதுதான் தெரிந்தது.

உன்மேல் தப்பில்லை, கண்ணு. இந்தக் கடிதத்தை அப்படியே உன் பேராசிரியரிடம் கொடு. எக்ஸ்ரே தம்பியும் தேதி போட்டு நடந்ததை எழுதித் தந்திருக்கிறான், கூடவே வைத்திருக்கிறேன். என் புத்தியைப் பார்த்து அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பயம் எனக்குப் போகவில்லை, போகவும் போகாது. இருந்தாலும் நீ போ.

உள்ளே விட்ட அன்று ஒரு வரி எழுது. கோபம் ஆறவில்லை என்றால், அம்மாவுக்கு என்று ஆரம்பிக்காமலே எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்காத,
அம்மா